கட்டுப் போட்ட கண்ணும் ஒட்டகச்சிவிங்கிப் படமும்

எனக்குக் கண்ணில் கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. திண்டிவனத்தில் நாங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் கொட்டகையில் மிஷின் ஓட்டிய ஆபரேட்டர்தான். இது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கண் ஆபரேஷன் என்றால் என்ன, அங்கே போனால் என்னென்ன செய்வார்கள் என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்ப்பது ஒன்றும் இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கணவர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். பிள்ளைகள் இல்லை. எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் பொம்மைப் படம்.

கையால் வரைந்த மிருகங்கள் ஓடியாடுகிற பத்து நிமிஷப் படத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். முதலில் சர்க்கார் செய்திப் படம் ஓடும். அதன் பிறகு, படச்சுருள் பெட்டியில் வந்திருந்தால், பொம்மைப் படத்தை ஓட்டுவார்கள். அதற்கப்புறம்தான் மெயின் படம். ஊரில் பாதிப் பேர் மெயின் படம் தொடங்கிய பிறகே உள்ளே நுழைவார்கள். நானோ செய்திப் படத்துக்கும் முன்பே போய்ப் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கிளம்பிய தபால்கார ஆமை ஒன்று உண்டு. அது போய்ச் சேரும்போது கல்யாணப் பெண் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் திறப்பாள். அதை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். மெயின் படத்தில் காமெடி வரும் இடங்கள் எனக்கு மனப்பாடம். சோகக் காட்சி வந்தால் வெளியே போய் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக்கொண்டு, அடுத்த காமெடிக்குச் சரியாக உள்ளே வந்துவிடுவேன். என் கணவர் டிக்கெட் கிழிபட்டதும் தூங்க ஆரம்பித்து, ஜனகணமன பாடும்போது எழுந்து நிற்பவர்.

பொம்மைப் படத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். பாறை தலையில் விழும், ஆள் அப்பளமாகிவிடுவான், அடுத்த காட்சியில் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடப்பான். எந்த அடியும் உடம்பில் தங்காது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளையும் வீட்டில் ஒரு மாமியாரையும் சமாளித்துவிட்டு வருகிறவளுக்கு அது பெரிய ஆறுதல்.

எனக்கு விழுந்த அடியோ தங்கிவிட்டது. பெண்கள் டிக்கெட் கவுண்டர் என்பது சுவரில் ஒரு பொந்து. ஒரே சமயத்தில் ஐந்து கைகள் அதற்குள் போகும். ஒரு பொங்கல் சமயம், எனக்கு முன்னால் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரு அம்மாளின் முழங்கை என் வலது கண்ணில் இடித்தது. கண்ணில் நீர் வழிய வழிய உள்ளே போய்ப் படம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டு நாளில் சிவப்பு போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்துத் திரையில் புகை மூட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. மிஷினில் ஏதோ குறை என்று நினைத்தேன். படம் முடிந்ததும் ஆபரேட்டர் அறைக்குப் போய், விளக்கில் எரியும் கார்பன் குச்சி சரியில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். அடுத்த வாரம் லென்ஸைத் துடைக்கச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் திரை அழுக்காக இருப்பதாகப் புகார் செய்தேன். ஆபரேட்டர் பொறுமைசாலி.

“டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. மூணு வாரமா நீங்க ஒருத்தர்தான் சொல்லிக்கினு வர்றீங்க. கார்பன் புதுசு. லென்ஸைத் தொடச்சாச்சு. ஸ்க்ரீனுக்கு வெள்ளையும் அடிச்சாச்சு. பாக்கி இருக்கிறது உங்க கண்ணுதான்.”

வீட்டுக்கு வந்து வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன், பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண் சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் பூ விழுந்த கண். வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. இதுநாள் வரை வலது கண்ணை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடியது. அதில் இப்போது விளக்கைச் சுற்றிப் பஞ்சு தெரிந்தது. அன்றைக்குத்தான் பயந்தேன்.

திண்டிவனத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்குச் சீட்டு எழுதினார். அங்கிருந்த கண் ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். காலை ஆறு மணிக்கு வாசலில் வரிசை நிற்கும். பெஞ்சில் இடம் கிடைப்பது கவுண்டரில் டிக்கெட் கிடைப்பது போலத்தான், ஆனால் இங்கே யாரும் இடிக்கவில்லை. எல்லோரும் கையை நீட்டித் தடவிக்கொண்டு வந்தவர்கள்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், அதிகம் பேசாதவர். கண்புரை என்றார். கண்மணிக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி வில்லை இருக்கிறதாம். வயதானால் அது வெந்த முட்டையின் வெள்ளை மாதிரி வெளுத்துவிடும். அடிபட்டால் சின்ன வயதிலேயே வெளுக்கும். அதை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வெளியே கனமான மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தில் கரையாது.

சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றும் இல்லை. சிறுநீரில் ஒரு நீல மருந்தை ஊற்றிக் காய்ச்சிச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கண்ணோரத்தில் உள்ள ஓட்டையில் மொட்டை ஊசியால் உப்புத் தண்ணீர் விட்டு, “தொண்டையில கரிக்குதா?” என்று கேட்கிறார்கள். கரித்தால் கண்ணீர்க் குழாய் அடைப்பில்லை என்று அர்த்தம். பிறகு இருட்டறையில் உட்கார வைத்து, டார்ச்சை மேலே, கீழே, இரண்டு பக்கமும் காட்டி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். சரியாகச் சொன்னால் உள்ளே திரை நன்றாக இருக்கிறது, வில்லைதான் கெட்டிருக்கிறது என்று பொருள். நான் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். இருட்டில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில் எனக்குப் பல வருஷப் பயிற்சி.

ஆபரேஷன் அன்று காலை இமை மயிரைக் கத்தரித்தார்கள். கண்ணுக்குக் கீழே போட்ட ஊசிதான் வலித்தது. அதன் பிறகு யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் வேலை செய்வது போல இருந்தது. கத்தரி சத்தம் கேட்டது. வெளிச்சம் கலங்கியது. பிறகு இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையுமாம், அதனால் நல்ல கண்ணோ நொள்ளைக் கண்ணோ இரண்டுக்கும் கட்டு.

கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துவிட்டு சிஸ்டர் சட்டத்தைப் படித்தார். “தலைய அசைக்கக் கூடாது. இருமக் கூடாது. தும்மல் வந்தா மூக்க அழுத்திப் பிடிச்சுக்கணும். முக்கக் கூடாது. மெல்லக் கூடாது, கஞ்சிதான். அழக் கூடாது. சிரிக்கக் கூடாது.”

அப்போதெல்லாம் தையல் ஒன்றோ இரண்டோதான். உடம்பு குலுங்கினால் தையல் விட்டுப்போய்க் கண்ணுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும் என்று சொன்னார்கள். மற்றதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. சிரிக்கக் கூடாது என்றதும்தான் கவலையாக இருந்தது. எட்டு நாள் என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் அன்றைக்கே ஆபரேஷன் ஆன இன்னொருவர் படுத்திருந்தார். கன்னியம்மாள் என்று பெயர், வல்லம் பக்கம் சொந்த நிலம் வைத்திருக்கும் குடும்பம், அறுபது வயதிருக்கும். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். மூன்றடி தூரத்தில் பத்து நாள் படுத்திருந்தும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. இப்போது வலது கண்ணுக்கு மட்டும் செய்திருந்தார்கள்.

“இது சரியா வந்தாத்தான் அடுத்ததுக்கு இட்டுக்கினு வருவேன்னு எம்மவன் கண்டிஷனா சொல்லிட்டான் டீச்சரு. அவுங்க அப்பாவும் அப்படித்தான். கெட்டுப் போற கண்ணுக்கு எதுக்கு ரெண்டு தபா அலையணும்ன்றாங்க. இது போச்சுன்னா எனக்கு ரெண்டும் போன மாதிரிதான்” என்றார்.

கட்டுக்குள் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. ஜங்ஷனில் வண்டி வரும் சத்தத்தை வைத்துப் பொழுதைக் கணக்குப் பண்ணிக்கொள்வோம். என் கணவர் தினமும் விழுப்புரம் ட்ரிப்பில் பஸ் நிற்கும் இருபது நிமிஷத்தில் ஓடிவந்து, தூக்கில் கொண்டுவந்த கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிவிட்டு ஓடுவார். அவர் தோள்பையில் சில்லறை குலுங்கும் சத்தம் வார்டு வாசலில் கேட்டாலே எனக்குப் பாதி பயம் போய்விடும். வியர்வையும் டீசலும் கலந்த அந்த வாடைக்கு நான் அப்படி ஏங்கியதில்லை.

மூன்றாம் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். கஞ்சி ஊட்டி முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நேத்து கொட்டாய்க்குப் போனேன். உனக்கோசரம்தான்” என்றார்.

“தூங்கலியா?”

“தூங்கல. பொம்மப் படம் போட்டான். ஒரு வாத்து வந்துச்சு. தண்ணியில விழுந்துச்சு. எழுந்துச்சு. மறுபடியும் விழுந்துச்சு. அவ்ளோதான்.”

பத்து வருஷ தாம்பத்தியத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. அவர் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. சிஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு ஆட்சேபணை இல்லாமல் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் வந்து, “ஒட்டகச்சிவிங்கி படம் போட்டான். ரயில்ல ஏறிச்சு. கழுத்து நீளம். செக்கர் வந்தாரு. டிக்கெட் கேட்டாரு. சண்ட. முடிஞ்சிபோச்சு” என்றார். போகும்போது, “செக்கர் கேட்டது நியாயந்தான்” என்று கண்டக்டராக ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் படம் எனக்குத் தெரியும். முந்தின வருஷம் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு நிமிஷம்கூட வீண் கிடையாது. அதை இவர் கொலை செய்துவிட்டுப் போய்விட்டார்.

“டீச்சரு, உன் வூட்டுக்காரரு இன்னாமோ சிவிங்கி ரயில்ல போச்சுன்னாரே. அது இன்னாத்துக்கு ரயில்ல போச்சு?” என்று கேட்டார் கன்னியம்மாள்.

“ஒண்ணும் இல்ல பெரியம்மா. சும்மா ஒரு கதை.”

“சொல்லேன். படுத்துக்கினே கெடந்து பேஜாரா இருக்குது. நான் சிரிக்க மாட்டேன். நானு சிரிக்கிற ஆளே கெடையாது.”

இங்கேதான் என் தவறு. அவர் கேட்டதற்காகச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய். நல்ல படத்தை ஒருவர் மட்டமாகச் சொல்லிவிட்டுப் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ரசிகர்களுக்கு இருக்கும் வியாதி இது, இதற்கு ஆபரேஷன் கிடையாது.

சொன்னேன். மெதுவாக, மல்லாந்து படுத்தபடி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். ஒட்டகச்சிவிங்கி மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கி ஏறுகிறது. கூரை இடிக்கிறது. கழுத்தைப் படுக்கப்போடுகிறது. கழுத்து ஒவ்வொரு பெட்டியாக நீண்டு போய், தலை மட்டும் முதல் வகுப்பில் மெத்தை மேல் சாய்ந்துவிடுகிறது. நடுப் பெட்டியில் இருப்பவர்கள் கொடி கட்டியிருப்பதாக நினைத்து ஈரத் துணியைக் காயப்போடுகிறார்கள். செக்கர் வந்து உடம்பிடம் டிக்கெட் கேட்கிறார். உடம்புக்கு வாய் இல்லை. அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டே, நடுவில் தொங்கும் வேட்டி, பாவாடையை எல்லாம் விலக்கிக்கொண்டு முதல் வகுப்பு வரைக்கும் நடந்து போய், தலையை எழுப்பி, “இது மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆயிற்றே” என்கிறார். தலை சொல்கிறது: “அது உடம்புக்கு வாங்கினது. நான் சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போக வந்தேன்.” இந்தக் கடைசி வரி படத்தில் இல்லை, என் சொந்தச் சரக்கு.

கன்னியம்மாள் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு யோசனையாக, “தலைக்கு ஒரு டிக்கெட்டு, ஒடம்புக்கு ஒரு டிக்கெட்டுன்னா, எங்க வூட்டுக்காரருக்கு வவுத்துக்குத் தனியா எடுக்கணும்” என்றார்.

சொல்லிவிட்டு, அவர் சொன்னதற்கு அவரே சிரித்துவிட்டார். முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது. அடக்கப் பார்த்தார். அடக்க அடக்க அதிகமாயிற்று. இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது, எதிர்க் கட்டிலிலும் யாரோ சிரித்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, செத்துப்போன என் அப்பாவை நினைத்துச் சமாளித்தேன். அப்புறம் கட்டில் சத்தம் நின்றது.

“டீச்சரு” என்றார் சின்னக் குரலில். “உள்ள சுருக்குன்னுச்சு.”

மறுநாள் காலை கட்டு மாற்றும்போது டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் அவர் கட்டிலருகே நின்றார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருப்பதாக சிஸ்டரிடம் சொன்னார். கண்மணிக்கு முன்னால் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் நிற்கிற சின்ன இடம் உண்டு. அதில் ரத்தம் இறங்கித் தேங்கியிருந்தது. தானாக வடிந்தால் நல்லது. வடியாமல் அழுத்தம் ஏறினால் பார்வை போகும். எதுவானாலும் இன்னும் பத்து நாளாவது கட்டோடு படுத்திருக்க வேண்டும்.

“இருமினீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“ஆமாங்க. இருமிட்டேன்.”

“அவ்வளவு சொல்லியும் இருமினா எப்படிம்மா? கஷ்டப்பட்டு ஆபரேஷன் பண்ணிவிட்டது எதுக்கு?”

“தப்புதாங்க.”

நான் மூன்றடி தூரத்தில் படுத்திருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இன்னும் இரண்டு நாளில் என் கட்டைப் பிரிக்கப் போகிறார்கள், டாக்டருக்கு என்மேல் கோபம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. பிள்ளைகள் பொய் சொன்னால் பெஞ்சில் ஏற்றுகிறவள் நான்.

டாக்டர் போனதும் கன்னியம்மாளே பேசினார். “நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. ஆனா எம்மவன் வந்தான்னா சொல்லிடாத. சிரிச்சிக் கெடுத்துக்கினான்னு தெரிஞ்சா அந்தக் கண்ணுக்கு இட்டுக்கினு வரவே மாட்டான்.”

“சொல்ல மாட்டேன் பெரியம்மா.”

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது. என் கணவர் அடுத்த படத்தோடு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். தலை வலிக்கிறது என்றேன். மனிதர் முகம் எப்படிப் போயிற்றோ, நான் பார்க்கவில்லை. கஞ்சியை மட்டும் ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டுப் போனார்.

என் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டினார். மூன்று என்றேன். கலங்கலாகத்தான் தெரிந்தது, எல்லாவற்றிலும் ஒரு நீலம் படிந்திருந்தது, ஆனால் புகை இல்லை. சந்தோஷம் வந்ததை மறைக்க முடியாது. அழுதுவிடக் கூடாது என்று சிஸ்டர் அதட்டினார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். கலங்கலில் ஒரு வெள்ளைக் கட்டும், வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்த இரண்டு கைகளும் தெரிந்தன. அந்தக் கைகள் அசையவே இல்லை.

பத்தாம் நாள் என்னை அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ரத்தம் பாதிதான் வடிந்திருந்தது. கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன். “போய்ட்டு வா டீச்சரு. கண்ணை ஜாக்கிரதையா பாத்துக்கோ” என்றார். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. சோடா பாட்டில் அடிப்பாகம் போல இருந்தது. அதைப் போட்டால் எல்லாம் பெரிதாகவும் கிட்டேயும் தெரியும். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் கொட்டும். படி இறங்கும்போது தரை மேலே எழும்பி வரும். புதிதாகக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கண்ணை மட்டும் திருப்பாதீர்கள், தலையோடு திருப்புங்கள். இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

பள்ளிக்கூடம் போனேன். கொட்டகைக்கும் போனேன். ஆபரேட்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இப்ப கார்பன் எப்படி டீச்சர்?” என்று கேட்டார். படம் கத்தரித்து வைத்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எல்லோரும் சிரிக்கிற இடத்தில் எனக்குக் கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு, பொம்மைப் படம் முடிந்த பிறகு உள்ளே போகிறவர்களோடு சேர்ந்து நானும் போக ஆரம்பித்தேன். வல்லம் செஞ்சி ரோட்டில்தான் இருக்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போய்ப் பார்க்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. வேலை இருந்தது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அவர் குருடாகிவிட்டிருந்தால், அவர் முன்னால் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கப் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். வாசலில் மருமகள் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். என் குரலைக் கேட்டு உள்ளேயிருந்து ஒரு ஒல்லியான அம்மாள் வந்தார். மூக்கில் என்னுடையதைப் போலவே ஒரு கண்ணாடி.

“டீச்சரா? இவ்ளோ குள்ளமா நீ? குரலைக் கேட்டு நானு ஒசரமா நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவருக்குக் கண் தெரிகிறது. ரத்தம் முழுவதும் வடிந்துவிட்டது. முற்றத்துக் கோழியை எண்ணிச் சொல்கிறார். எட்டு மாதமாக என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அப்போது அழலாம், யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் இறுகித்தான் இருந்தது. என்னைப் பார்த்ததில் சந்தோஷம் என்று வாய் சொல்லிற்று, முகம் சொல்லவில்லை.

அவர் மோர் கொண்டுவர உள்ளே போனதும் மருமகள் கிட்டே நகர்ந்து வந்தாள். “ஆஸ்பத்திரில இன்னா ஆச்சு டீச்சர்? கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஆனா வந்ததுலேர்ந்து மூஞ்சில சிரிப்பே இல்ல. கொழந்த இப்பதான் நடக்கப் பழகிச்சு, அது எதாவது சேட்ட பண்ணா எழுந்து போயிடறாங்க. எம்மேல இன்னா கோவமோன்னு தெனமும் பயந்துக்கினு இருக்கேன். திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கினு, எலுமிச்சம்பழம் மந்திரிச்சுக்கூட வெச்சோம்.”

மோர் வந்தது. நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன். “ஏன் பெரியம்மா, சிரிக்கிறதே இல்லியாமே?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “ஆஸ்பத்திரில கூடாதுன்னாங்களே.”

“அது அப்ப.”

“வெயிட்டு தூக்காத, ஆறு வாரம்னாரு டாக்டரு. கண்ணுல தண்ணி படாத, ஆறு வாரம்னாரு. சிரிக்கிறது எப்ப வரிக்கும்னு ஒண்ணும் சொல்லலியே. அந்தக் கண்ணு வேற பாக்கி இருக்குது. இதைக் கெடுத்துக்கினு அதுக்கு எப்படிப் போறது?”

மருமகள் மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டாள். எட்டு மாதம். பேரன் நடக்கப் பழகிய எட்டு மாதம். நான் கொட்டகையில் பொம்மைப் படத்தைத் தவிர்த்துக்கொண்டிருந்தபோது, இவர் வீட்டில் பிள்ளையின் முகத்தைத் தவிர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“சிரிக்கலாம் பெரியம்மா. நான் சொல்றேன், சிரிக்கலாம்.”

“நீ சொன்னதைக் கேட்டுத்தானம்மா அன்னிக்கு ரத்தம் வந்துச்சு” என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவரை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனேன். மகனும் வந்தார். திண்டிவனத்திலிருந்து என் கணவரின் பஸ்ஸில்தான் போனோம். அதே வாசல், அதே பெஞ்ச். எங்கள் முறை வந்தபோது, டாக்டர் பேசுவதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இருமல் இல்லை, சிரிப்பு. சிரிக்க வைத்தவள் நான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், நான் நிறுத்தவில்லை.

டாக்டர் கன்னியம்மாளின் கண்ணில் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சிரிச்சதாலதான் கசிஞ்சதுன்னு சொல்ல முடியாது. சும்மா படுத்திருக்கிறவங்களுக்கும் கசியும். சிரிச்சதால இல்லன்னும் சொல்ல முடியாது.”

மன்னிப்பா தண்டனையா என்று தெரியாத அந்தப் பதிலை இன்றுவரை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

“அம்மா, நீங்க எப்பவோ சிரிச்சிருக்கலாம். தாராளமா சிரிங்க” என்றார் கன்னியம்மாளிடம்.

“சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க. வூட்டுல நம்பணும்ல.”

டாக்டர் மறுபேச்சில்லாமல் மருந்துச் சீட்டை எடுத்து, ‘சிரிக்கலாம்’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு மகனைப் பார்த்து, அடுத்த கண்ணைத் தை மாதத்தில் செய்துவிடலாம், வெயிலுக்கு முன்னால் நல்லது என்றார். மகன் என்னை ஒருமுறை பார்த்தார், அம்மாவை ஒருமுறை பார்த்தார். “சரிங்க, இட்டுக்கினு வர்றேன்” என்றார்.

கன்னியம்மாள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். கதவு வரை போனவர் நின்று, திரும்பி, கண்ணாடி வழியாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“டீச்சரு, தை மாசம் நீ மட்டும் இந்தப் பக்கம் வந்துடாத.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு தோள் குலுங்கியது. பல் இல்லாத வாயைக் கையால் மூடிக்கொண்டார். டாக்டர் சிரித்தார், மகன் சிரித்தார், வாசலில் காத்திருந்தவர்கள்கூட என்ன விஷயம் என்று தெரியாமலேயே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடிக்கும் வரை அந்த வலது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.